பிறர் மனத்தை ஊகிக்கக் கற்பித்தல்: மலையில் வாழும் குடும்பத்துக்கு எந்த வழி?

நீலகிரியில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பங்கள், குழந்தை தானாக உண்ணவும் உடுத்தவும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவும் பழகிய பிறகு, அடுத்த சில ஆண்டுகளின் உழைப்பை எதில் போடுவது என்று கேட்கின்றன. எழுத்தும் எண்ணும்தான் வழக்கமாக முதலில் பேசப்படும். ஆனால் குழந்தையின் அன்றாட வாழ்வை அவற்றைவிட ஆழமாகத் தொடும் திறன் ஒன்று உண்டு. நான் பார்த்தது உனக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்காமல் போகலாம், நீ நினைத்துக்கொண்டிருப்பது உண்மைக்கு மாறாகவும் இருக்கலாம் என்று உணர்வதே அந்தத் திறன். 1978இல் பிரீமாக், உட்ரஃப் என்ற இரு ஆய்வாளர்கள் சிம்பன்சிகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு உளவியலாளர்கள் இதை மனக் கோட்பாடு என்று அழைத்துவருகிறார்கள்.

இது வளராத குழந்தை, தொலைபேசியில் அப்பா கேட்கும் கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பதில் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்ளும். பள்ளியில் நடந்ததைப் பாதியிலிருந்து சொல்லத் தொடங்கும். தான் கண்டதை அம்மாவும் கண்டிருப்பாள் என்பது அதன் நினைப்பு. "பென்சிலைக் குடு, நாளைக்குச் சாக்லேட் தர்றேன்" என்று ஒரே பையன் வாரம் முழுவதும் சொன்னாலும் வாரம் முழுவதும் நம்பும். பெற்றோரை மிகவும் கலங்க வைப்பது இந்தக் கடைசி நிலைமைதான். அந்தக் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது.

இதற்காக இங்கே பேசப்படும் வழிகள் நான்கு. வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கி, பட அட்டைகளையும் பொம்மைகளையும் கொண்டு நேரடிப் பயிற்சி பெறுவது ஒன்று. நினைப்பது, தெரிவது, மறப்பது, ஏமாறுவது போன்றவற்றைக் குறிக்கும் பேச்சை வீட்டு வேலைகளோடு சேர்த்துக் குழந்தையிடம் பேசிப் பழக்குவது இன்னொன்று. அங்கன்வாடியிலோ பக்கத்து அரசுப் பள்ளியிலோ மற்றக் குழந்தைகளோடு கலந்து விளையாட விட்டு, அதன் வழியே வரட்டும் என்று நம்புவது மூன்றாவது. "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பது நான்காவது; இதை ஒரு வழியென்று சொல்லி யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்றாலும் பல வீடுகளில் நடப்பது இதுவே. சிறப்புக் கல்வி வேலையில் இந்த மலைக் குடும்பங்களோடு பழகிவரும் நான், வீட்டுப் பேச்சையே அடித்தளமாக்கி, விளையாட்டை அதனோடு சேர்த்து, அட்டைப் பயிற்சியைச் சில கட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

காத்திருப்பதைப் பற்றி முதலில் பேசித் தீர்த்துவிடலாம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பதுபோலத் தோன்றும். விம்மரும் பெர்னரும் 1983இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான்; அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள்; திரும்பி வருகிறவன் எங்கே தேடுவான் என்பது கேள்வி. பின்னர் பல நாடுகளில் நடந்த ஏராளமான ஆய்வுகளின்படி, இயல்பாக வளரும் மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்கள். நான்கு, ஐந்து வயதுக்குள் மாக்ஸி வைத்துவிட்டுப் போன இடத்தைக் காட்டத் தொடங்குகிறார்கள். ஆகவே, எட்டு வயதுக் குழந்தையின் மனவயது மூன்று என்று மருத்துவ அறிக்கையில் எழுதியிருந்தால், அது நான்கைத் தொடும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கு தவறு. வயது ஏறுவதால் மட்டும் இந்தத் திறன் வருவதில்லை என்பதற்கு வலுவான சான்று காது கேளாத குழந்தைகளிடமிருந்து கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பீட்டர்சனும் சீகலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து சைகை மொழியைத் தாமதமாகவே கற்ற குழந்தைகளில் பலர், அறிவுத்திறன் இயல்பாக இருந்தும், எட்டு வயதைக் கடந்த பிறகும் இவ்வகைச் சோதனையில் தவறினார்கள். சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, பிறந்தது முதலே அந்த மொழியில் வளர்ந்த காது கேளாத பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம் இல்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. தன்னோடு சரளமாகப் பேச வீட்டில் ஆள் இருந்ததா என்பதே இவ்விரு குழுக்களையும் பிரித்தது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்குப் பேச்சு மெதுவாக வருவதால், வீட்டிலுள்ளோர் அதனிடம் பேசுவதையே சுருக்கிக் கட்டளைகளாக்கிவிடுகிறார்கள். "வா, உக்காரு, சாப்புடு, தொடாத" என்பதற்கு மேல் ஒரு நாள் முழுவதும் அந்தக் குழந்தையின் காதில் வேறெதுவும் விழாத வீடுகள் உண்டு. காத்திருக்கும் ஆண்டுகளில் நடப்பது இந்தப் பேச்சுப் பட்டினிதான்.

காத்திருப்புக்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் என்னும் மரபணுக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இந்தச் சிக்கலே கிடையாது, இது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று சொல்லிப் பெற்றோரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த எண்ணம் 1985இல் பாரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் ஆகியோர் லண்டனில் வெளியிட்ட ஆய்வின் அரைகுறை நினைவு. சாலி, ஆன் என்ற இரண்டு பொம்மைகளையும் ஒரு கோலிக்குண்டையும் வைத்து, மாக்ஸி கதையைப் போலவே நடந்த அந்தச் சோதனையில், ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். இந்த எண்களை நினைவில் வைத்திருப்பவர்கள், சரியாகச் சொன்ன அந்தக் குழந்தைகளின் சராசரி வயது ஏறக்குறைய பதினொன்று என்பதை மறந்துவிடுகிறார்கள். இயல்பாக வளரும் குழந்தை நான்கரை வயதில் எட்டும் இடத்துக்கு அவர்கள் வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவும் பதினான்கே பேர் கொண்ட ஒரு குழு. இர்மியாவும் அவருடன் பணியாற்றியோரும் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் இல்லாத அறிவுசார் குறைபாட்டிலும் இந்தத் திறன் பின்தங்குகிறது என்பது தெளிவாயிற்று. ஆட்டிசத்தில் பின்னடைவு கூடுதல், அவ்வளவே. ஆகவே பெயரைப் பார்த்து விலக்கு அளிப்பது சரியன்று. வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்னும் மற்றொரு மரபணுக் குறைபாடு உள்ள குழந்தைகள் எவரிடமும் ஓடிப்போய்ப் பேசுவார்கள். ஆனாலும் இந்தச் சோதனைகளில் தடுமாறுவார்கள். பழகுவதில் இனிமை இருப்பதும் பிறர் மனத்தை ஊகிப்பதும் வெவ்வேறு.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், குழந்தை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். வெல்மனும் லியூவும் 2004இல் இயல்பாக வளரும் 75 குழந்தைகளைக் கொண்டு ஐந்து படிகளை வரிசைப்படுத்தினார்கள். ஆளுக்கு ஆள் விருப்பம் மாறும் என்பது முதற்படி. ஒரே விஷயத்தைப் பற்றி இருவர் வெவ்வேறாக நினைக்கலாம் என்பது இரண்டாவது. பார்த்தவருக்குத் தெரியும், பார்க்காதவருக்குத் தெரியாது என்பது மூன்றாவது. ஒருவர் தவறாக நம்பிக்கொண்டிருக்கலாம் என்பது நான்காவது. உள்ளே அழுகை இருந்தும் வெளியே சிரிக்கலாம் என்பது ஐந்தாவது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளும் பொதுவாக இதே திசையில், தாமதமாக ஏறுகிறார்கள் என்று எண்ண இடமிருக்கிறது; இக்குழந்தைகளின் வளர்ச்சி வேறு பாதையில் போவதில்லை, அதே பாதையில் மெதுவாகப் போகிறது என்று எட்வர்ட் சிக்லர் 1960களிலேயே வாதிட்டார். எனவே முதற்படியில் நிற்கும் குழந்தைக்கு நான்காம் படியின் அட்டையைக் காட்டிப் பயனில்லை. அக்காவுக்குக் காரட் பொரியல் பிடிக்கும், தனக்குப் பிடிக்காது, ஆகவே அக்கா தட்டில் அதிகம் வைக்க வேண்டும் என்று புரிந்துகொள்வதிலிருந்துதான் அந்தக் குழந்தைக்குத் தொடங்க வேண்டும்.

இப்போது நேரடிப் பயிற்சிக்கு வருவோம். பயிற்சியாளர் அட்டைகளை வரிசையாக வைத்து, ஓர் ஆளின் தலைக்கு மேல் சிந்தனைக் குமிழ் ஒன்றை வரைந்து, "இவன் என்ன நினைக்கிறான்?" என்று கேட்டு, தவறினால் திருத்தி, மீண்டும் கேட்கிறார். இதில் நல்ல அம்சங்கள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதால் கேட்டதைக் குறுகிய நேரம் நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது ஒப்பளவில் நன்றாக நிற்கும். கதை முழுவதும் படமாகக் கண்முன் இருந்தால் நினைவின் சுமை குறையும். பயிற்சி தெரிந்தவர், குழந்தை தவறியது மனத்தை ஊகிக்க முடியாததாலா, கதை மறந்ததாலா, கேள்வி புரியாததாலா என்று பிரித்தறிவார். பொருளை முதலில் எங்கே வைத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறது என்ற இரண்டு துணைக் கேள்விகளையும் அவர் கேட்பது அதற்காகத்தான்.

குறையும் இதே இடத்தில்தான். ஹாட்வினும் அவருடன் பணியாற்றியோரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இவ்வாறு பயிற்சியளித்து 1996இல் எழுதியபோது, கற்றுக்கொடுத்த வகைக் கேள்விகளில் முன்னேற்றம் இருந்தது, கற்றுக்கொடுக்காத வகைக்கு அது பரவவில்லை. அடுத்த ஆண்டு வெளியிட்ட தொடர்ச்சியில், அந்தக் குழந்தைகள் பேசும் விதத்திலும் மாற்றம் இல்லை என்று பதிந்தார்கள். ஓசனாஃபும் மில்லரும் 1995இல் பதின்வயதினரிடம் கண்டதும் இதுவே: சோதனையில் மதிப்பெண் ஏறியது, பெற்றோரும் ஆசிரியரும் அளித்த மதிப்பீடு ஏறவில்லை. இவை ஆட்டிசம் பற்றியவை என்பது உண்மை. ஆனால் ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பயன்படுத்துவது அறிவுசார் குறைபாட்டின் மையமான சிரமங்களில் ஒன்று என்பதால், இந்த எச்சரிக்கையை நம் குழந்தைகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சி அறையில் சாலி எங்கே தேடுவாள் என்று சரியாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் அப்பாவிடம் "அது எங்க?" என்று மட்டும் கேட்டு, எது என்று அவருக்குப் புரியவில்லையே என்பதை உணராமல் அழும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். நாம் விரும்பும் மாற்றம் அந்த இரண்டாவது இடத்தில் நடக்க வேண்டும்.

மலையில் வாழ்வோருக்குப் பயணமும் ஒரு கணக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர், அதற்கு அப்பால் கோயம்புத்தூருக்கு இன்னும் அதே அளவு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போன குழந்தை, நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சியில் முதல் இருபது நிமிடங்களைத் தூங்கி வழிந்தே கழிக்கும். கூடலூர், பந்தலூர்க் குடும்பங்களுக்கு நாளே போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியின் இழப்பு. அடைமழைக் காலத்தில் மண் சரிந்து சாலை அடைபடும்போது பயிற்சியின் தொடர்ச்சியும் அறுந்துபோகும். வாரம் முக்கால் மணி நேரத்துக்காக இவ்வளவையும் செலவழித்துவிட்டு, மீதி ஆறு நாளும் குழந்தை கட்டளைகளை மட்டும் கேட்டு வாழ்ந்தால், அந்தச் செலவு வீண் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மாதம் ஒருமுறை சென்று, குழந்தை எந்தப் படியில் இருக்கிறது என்று மதிப்பிட்டு, அடுத்து வீட்டில் எதைச் செய்வது என்று பெற்றோருக்குக் கற்றுத்தரும்படி கேட்டால் அதே பயணம் பலமடங்கு பயன் தரும். பயிற்சியாளர்கள் எல்லோரும் இதற்கு உடனே இசைவதில்லை. கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வரும் குடும்பங்களில், அவரிடமும் இதையே கேட்கலாம்.

வீட்டுப் பேச்சு என்ற வழிக்கு ஆதரவான சான்றுகள் வேறு திசையிலிருந்து வருகின்றன. ஜூடி டன்னும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 33 மாத வயதில் உணர்வுகளைப் பற்றியும் காரணங்களைப் பற்றியும் வீட்டில் அதிகம் பேச்சுக் கேட்ட குழந்தைகள், 40 மாத வயதில் பிறரின் தவறான நம்பிக்கையை மேலும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஹேல், டாகர்-ஃப்ளஸ்பர்க் இருவரும் 2003இல், "அவள் இப்படிச் சொன்னாள், ஆனால் உண்மையில் அப்படி" என்னும் வகை வாக்கியங்களைக் குழந்தைகளுக்குப் பழக்கியபோது, மனத்தைப் பற்றி எதுவும் கற்பிக்காமலேயே, மாக்ஸி கதை போன்ற தவறான நம்பிக்கைச் சோதனையில் முன்னேற்றம் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் டொமசெல்லோவும், பார்வைக்கு ஒன்றாகவும் உண்மையில் வேறாகவும் உள்ள பொருள்களைக் கையில் கொடுத்து, அதைப் பற்றி இத்தகைய வாக்கியங்களில் பேசுவதே மிகுந்த பலன் தருகிறது என்று காட்டினார்கள். பேச்சின்றிப் பொருளை மட்டும் காட்டியது பலன் தரவில்லை. இக்குழந்தைகள் இயல்பாக வளர்பவர்கள். ஆயினும் பொருளும் பேச்சும் ஒன்றாகச் சேர வேண்டும் என்ற முடிவு, மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் அனுபவம்.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடொன்றில், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவள் பாட்டி செய்வதைப் பார்த்தேன். வர்க்கி வைக்கும் தகர டப்பாவைக் காலி செய்து, அதற்குள் கம்பளி நூல்கண்டு ஒன்றைப் போட்டு மூடினார். பேத்தியைத் திறக்கச் சொன்னார். அவள் வர்க்கியை எதிர்பார்த்துத் திறந்து, நூலைப் பார்த்து, ஏமாந்து பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். "வர்க்கி இருக்குன்னு நெனச்சியா? நூலு இருக்கு பாரு" என்றார் பாட்டி. மூடினார்கள். அப்பா உள்ளே வந்து பையை மாட்டுவதற்குள், "அப்பா என்ன இருக்குன்னு நெனைப்பாரு?" என்று கேட்டார். "நூலு" என்றாள் சிறுமி. பாட்டி அதைத் தவறென்று சொல்லவில்லை. மகனிடம் டப்பாவை நீட்டி, "இதுல என்னப்பா?" என்றார். "வர்க்கிதானே" என்று சொல்லித் திறந்தவர் முகம் மாறியதும் சிறுமி கைதட்டிச் சிரித்தாள். அப்போது பாட்டி நிதானமாகச் சொன்னார்: "அப்பா வர்க்கின்னு நெனச்சுட்டாரு. அவரு உள்ள பாக்கல. நீ பாத்த, அதனால உனக்குத் தெரியும்."

பெர்னர் 1987இல் மிட்டாய் டப்பாவுக்குள் பென்சிலை வைத்து நடத்திய சோதனையும் இதே அமைப்புடையது. ஆனால் இங்கே பொருள் வீட்டுப் பொருள், ஏமாறுகிறவர் சொந்த அப்பா, விடை உடனே கண்முன் நடக்கிறது, அதற்கான வாக்கியமும் உடனே காதில் விழுகிறது. பின்னொரு நாள் நான் சென்றபோது, அப்பா டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சிறுமி வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அப்பா என்ன நினைப்பார் என்று கேட்டால் அப்போதும் "நூலு" என்றே சொன்னாள். அவள் உடலுக்குத் தெரிந்துவிட்டது, வாய்க்கு இன்னும் வரவில்லை. இயல்பாக வளரும் குழந்தைகளிடமும் இந்த இடைவெளி உண்டு என்பதைக் கிளெமென்ட்சும் பெர்னரும் 1994இல் பதிந்திருக்கிறார்கள். மூன்று வயதை நெருங்கும் குழந்தைகளின் கண் சரியான இடத்துக்குப் போகும், பதில் தவறான இடத்தைச் சொல்லும். பதிலை மட்டும் மதிப்பிடும் பயிற்சி அறையில் அந்தப் பொத்திய வாய் கணக்கில் வந்திருக்காது.

வீட்டுப் பேச்சில் சில நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளிடம், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லும் போக்கும், இரண்டு விடைகளில் கடைசியாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் போக்கும் மிகுதி. ஆகவே "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்பதைவிட, இரண்டு இடங்களையும் காட்டி, "அக்கா முதல்ல எங்க தேடுவா?" என்று கேட்பது நல்லது. அந்த 'முதல்ல' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே இளங்குழந்தைகள் கேள்வியை மேலும் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று சீகலும் பீட்டியும் 1991இல் காட்டினார்கள். இல்லையென்றால் அக்கா எங்கே தேட வேண்டும் என்று கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். கேட்பதைவிடச் சொல்வது அதிகமாக இருக்கட்டும். ஒரு கேள்விக்குப் பல கூற்றுகள் என்ற அளவில் பேசினால் குழந்தைக்குத் தேர்வு எழுதும் அச்சம் வராது.

எந்த மொழியில் பேசுவது என்பதும் இங்கே பெரிய கேள்வி. படுக மொழி பேசும் ஹட்டிகள் எனப்படும் ஊர்களிலும், கூடலூரில் மலையாளமோ பழங்குடி மொழிகளோ பேசும் வீடுகளிலும், "குழந்தைக்கு ஒரு மொழியே வரவில்லை, வீட்டு மொழியை விட்டுவிட்டுத் தமிழில் மட்டும் அல்லது ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுறுத்தும் வழக்கம் இருக்கிறது. இது தீங்கானது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் இரண்டு மொழிகளில் வளர்வதால் அவர்களின் முதன்மை மொழி பின்னடைவதில்லை என்று 2005இல் வெளியான கனடா ஆய்வு சொல்கிறது. மனத்தில் இருப்பதைப் பற்றிப் பேச, பேசுகிறவருக்கு முதலில் அந்த மொழி சரளமாக வர வேண்டும். பாட்டிக்குத் தெரியாத மொழியில் பாட்டியைப் பேசச் சொன்னால், பாட்டியின் பேச்சே நின்றுபோகும்; பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் பாட்டிதான்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. இருவரும் தோட்டத்துக்குப் போய், மாலையில் இலை எடை போட்டுத் திரும்பும் வீட்டில், சோர்ந்துபோன தாயிடம் மணிக்கணக்காகப் பேசச் சொல்வது நியாயமாகாது. அதனால் தனி நேரம் ஒதுக்கச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அடுப்பங்கரையிலும் குளிப்பாட்டும்போதும் நடக்கும் பேச்சில் நான்கைந்து வாக்கியங்களை மாற்றச் சொல்கிறேன். இன்னொரு குறை, முன்னேற்றத்தை அளவிடுவது கடினம் என்பது. வீட்டார் ஆசையில் இல்லாததைக் கண்டுவிடுவார்கள், அல்லது சலிப்பில் இருப்பதையும் காணத் தவறுவார்கள். பயிற்சியாளரிடம் இடையிடையே சென்று வருவது இதனால்தான் தேவைப்படுகிறது. செவித்திறனையும் முதலிலேயே பரிசோதித்துவிட வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் ஏறி இறங்குவது மிகவும் பொதுவானது. பாதி கேட்காத காதில் எவ்வளவு பேசினாலும் பாதிதான் சேரும்.

பள்ளியையும் விளையாட்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. ஆகவே சேர்க்கை உரிமை ஐயத்துக்குரியதன்று. ஆனால் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைப்பதால் மட்டும் பிறர் மனம் புரியத் தொடங்காது. உடன்பிறந்தோர் உள்ள குழந்தைகள் இந்தச் சோதனையில் முந்துகிறார்கள் என்று பெர்னரும் உடனிருந்தோரும் 1994இல் கண்டதற்குக் காரணம், அங்கே சண்டையும் சமாதானமும் மறைத்தலும் கண்டுபிடித்தலும் இடைவிடாமல் நடப்பதே. அதைப் பள்ளியிலும் உண்டாக்க முடியும். கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் குச்சியை மறைப்பவர் ஒருவர், தேடுபவர் ஒருவர்; மறைப்பவருக்குத் தெரியும், தேடுபவருக்குத் தெரியாது என்பதைத் தவிர அந்த விளையாட்டில் வேறு விதியே இல்லை எனலாம். மூன்றாம் படியில் நிற்கும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தை முதலில் குச்சி இருக்கும் இடத்தைத் தானே விரலால் காட்டிவிடும். உடன் விளையாடுவோர் சிரித்துவிட்டு விலகிப் போகாமல், "காட்டாத, எனக்குத் தெரியக் கூடாது" என்று சொல்ல ஆசிரியர் அவர்களைப் பழக்கியிருந்தால் அந்த விளையாட்டு பயிற்சியாகிறது. அப்படிப் பழக்கும் ஓர் ஆசிரியரோ பெரிய வகுப்பு அக்காவோ இருக்கிறாரா என்பதைப் பார்த்தே பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்; கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்து வேண்டாம்.

குழந்தைக்கேற்ப இந்தக் கலவை மாறும். இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு அட்டைப் பயிற்சியை நான் பரிந்துரைப்பதே இல்லை; அங்கே வீட்டுப் பேச்சும், சைகையும், மறைத்து விளையாடுவதும்தான். பேச்சு வராததால் புரியவில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. டவுன் சிண்ட்ரோமில் கேட்டுப் புரிந்துகொள்வது பெரும்பாலும் பேசுவதைவிட முன்னே நிற்கும். வாக்கியமாகப் பேசி, மூன்றாம் படியைத் தாண்டி, நான்காவதில் நெடுநாள் நின்றுவிட்ட குழந்தைக்குச் சிந்தனைக் குமிழ் அட்டைகள் ஒரு தள்ளுதலைத் தரலாம். அப்போது சில மாதங்களுக்கு மட்டும் அடிக்கடி மலையிறங்குவதில் பொருள் இருக்கிறது. ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் மரபணுக் குறைபாடு உள்ள குழந்தை பெரும்பாலும் நேருக்கு நேர் பார்ப்பதையே தாங்காது. அதனிடம் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே பொருளைப் பார்த்தபடி பேசுவது நல்லது. ஆட்டிசமும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு முறையான பயிற்சியின் பங்கு கூடும், அதையும் வீட்டில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பென்சிலுக்குச் சாக்லேட் வாக்களிக்கும் பையனிடம் தினமும் ஏமாறும் குழந்தையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். பிறர் பொய் சொல்லக்கூடும், சிரித்துக்கொண்டே தீங்கு நினைக்கக்கூடும் என்று அறிவது நான்காம், ஐந்தாம் படிகளின் வேலை. சிலருக்கு அது பதின்வயதில் வரும், சிலருக்கு முழுமையாக வராமலும் போகலாம். அதனால் குழந்தையின் பாதுகாப்பை இந்தத் திறனின் வளர்ச்சியை நம்பி விட்டுவைக்க முடியாது. யார் எதைக் கொடுத்தாலும் அம்மாவிடமோ டீச்சரிடமோ காட்டிய பிறகே வாங்குவது, யார் கூப்பிட்டாலும் சொல்லிவிட்டே போவது, "யாருகிட்டயும் சொல்லாத" என்று யாராவது சொன்னால் அதை அன்றைக்கே வீட்டில் சொல்வது ஆகிய மூன்றையும், மனத்தை ஊகிக்கத் தேவையில்லாத வெறும் பழக்கங்களாக, முதற்படியில் நிற்கும்போதே, நடித்துக் காட்டித் தனியே கற்பித்துவிட வேண்டும். மேலே சொன்ன எந்த வழியைத் தேர்ந்தெடுத்த குடும்பத்துக்கும் இது பொருந்தும். அண்ணன், அக்கா, பாட்டி என்று வீட்டில் எல்லோரும் அந்த மூன்றையும் ஒரே வார்த்தைகளில் சொல்லிக்கொடுப்பதும் அவசியம்.